ஜெராக்ஸ் அக்கா எழுதிய இரண்டு வரி

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் அந்தக் கடை ஒரு வாரம் தாங்காது என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கும் எனக்கு உண்மை தெரியும். அந்தக் கடை இல்லாவிட்டால் பள்ளிக்கூடம்தான் தாங்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் வரலாற்று ப்ராஜெக்ட் கொடுப்பேன். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு நேராகச் சாலையைக் கடப்பார்கள். கடைக்காரர் செய்து கொடுப்பார், நான் மதிப்பெண் போடுவேன். இப்படி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரலாற்றறிவு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

அவரை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். என்னைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். கடை அகலம் இரண்டு ஆள் கைகோத்து நிற்கிற அளவு. உள்ளே இரண்டு மிஷின், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டுடன் ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க மாதிரி அட்டைகள். பின்பக்கச் சுவரோரம் ஒரு சின்ன மேஜை. அங்கே அக்காவின் அம்மா உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் போடுவார். அவர் பைண்டிங் அம்மா. எழுபதைத் தாண்டிய வயது. கண் எங்கேயோ இருக்கும், கை மட்டும் நாற்பது ஓட்டையிலும் கம்பியைச் சுழற்றிக்கொண்டு போகும். பேச்சு கிடையாது. யாராவது வணக்கம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதக் கட்டை எடுத்து மேஜையில் தட்டுவார்.

கடைக்கு வரும் பெற்றோரிடம் அக்கா கேட்கிற முதல் கேள்வி, எட்டாம் வகுப்பா என்பது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, பாலமா, மணிக்கூண்டா, பழைய மார்க்கெட்டா? மூன்றும் கம்ப்யூட்டரில் மூன்று ஃபோல்டராகத் தயாராக இருக்கும். எது நன்றாக இருக்கும் என்று அப்பாக்கள் குழம்பினால், போன வருடம் பாலத்துக்கு நல்ல மதிப்பெண் வந்தது, ஆனால் மார்க்கெட்டில் படம் அதிகம் என்று விளக்குவார். மணிக்கூண்டுப் படம் வேறு ஏதோ ஊருடையது. அதில் மணி பார்க்கிற முகம் மூன்று பக்கம்தான் இருக்கும், எங்கள் மணிக்கூண்டுக்கு நாலு பக்கம். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அக்கா நன்றியுரையில் பெயரை மாற்ற மறந்துவிட்டார். நான் கொடுத்த ப்ராஜெக்ட்டுக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஓய்வு பெற்றுப் போன பழைய டீச்சருக்கு மனமார்ந்த நன்றி தெரிவித்திருந்தார்கள்.

இதை வைத்து அக்காவை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் மிஷினில் வைக்கிற எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடமாட்டார். வீட்டுப் பத்திரம், வேலைக்கு விண்ணப்பம், பக்கத்து வீட்டுக்காரன் மேல் மனு, எல்லாம் அத்துப்படி. தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே போகாது. அவர் வாய்விட்டுச் சொல்கிற ஒரே குடும்ப வரலாறு, எங்கம்மா அந்தக் காலத்தில் கட்டட காண்ட்ராக்ட்டில் இருந்தவர் என்பது. இதைக் கேட்டு, ஒரு காலத்தில் பத்து கட்டடம் எழுப்பின குடும்பம், பாவம் நொடித்துப் போய் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டது என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. பக்கத்துக் கடை டெய்லர் அதனாலேயே பைண்டிங் அம்மாவைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அக்கா மறுத்ததில்லை.

இனி அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். அதற்குக் காரணம் நான்தான்.

பிள்ளைகள் ப்ராஜெக்ட்டை எண்பது வரி எழுத வேண்டும் என்பது என் சட்டம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு என்ன தோன்றியதோ, எண்பதை நூறாக்கினேன். குறைந்தால் இரண்டு மதிப்பெண் வெட்டு. நானே உட்கார்ந்து எண்ணுவேன். படிக்க மாட்டேன், எண்ணுவேன். நூற்றிருபது ப்ராஜெக்ட்டைப் படித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என்னைக் குறை சொல்லலாம்.

அக்கா பாலம் ஃபோல்டரைத் திறந்து எண்பதை இழுத்தார். பாலம் என்று இருந்த இடமெல்லாம் கம்பீரமான பாலம் ஆனது. ஆறு, வளைந்து நெளிந்து ஓடும் ஆறானது. கண்கொள்ளாக் காட்சி நாலு இடத்தில் வந்தது. எவ்வளவு இழுத்தும் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வரவில்லை. வாசலில் ஒரு தாயார், நாளைக்குக் கடைசி நாள் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடகடவென்று தட்டினார்:

இந்தப் பாலம் கட்டும்போது பதினேழு பெண்கள் தலையில் கல் சுமந்தார்கள். அவர்கள் நினைவாக மூன்றாவது தூணுக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது.

நூறு வரி ஆனது. அந்த வருடம் முப்பது பிள்ளைகள் அதே பாலத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் நாற்பது. பேச்சுப் போட்டியில் பதினேழு பெண்கள் வந்தார்கள். பாலத்தைக் கடக்கும்போது அப்பாக்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டினார்கள். பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு மலரில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் அவர்களைப் பதினேழு வீரப் பெண்கள் ஆக்கினேன். எங்கே கிடைத்தது இந்தச் செய்தி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அச்சில் வந்ததை யார் கேட்பார்கள்? இந்த வருடம் பாலத்துக்கு எண்பது வயது. நகராட்சி இஞ்சினியர் பாலத்தின் முகப்பில் ஒரு பலகை வைக்கத் தீர்மானித்து, என் கட்டுரையிலிருந்து அந்த வரிகளை எடுத்துக்கொண்டார். பலகைக்கு மாதிரி பிரிண்ட் எடுக்க அந்தக் காகிதம் அக்காவிடமே வந்தது. அக்கா அதை ஒன்றுக்கு இரண்டு பிரதி எடுத்தாராம். ஒன்று நகராட்சிக்கு, ஒன்று அவருக்கு.

அப்போதுதான் கண்டக்டர் மகள் வந்து சேர்ந்தாள்.

பஸ் கண்டக்டரின் ஒரே பெண். எட்டாம் வகுப்பு. எல்லாரையும் போல அவளும் சாலையைக் கடந்து போய்ப் பாலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு போய்ப் படித்துவிட்டாள். எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

படித்தவள் அப்பாவை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். தண்ணீர் வற்றிக் கிடக்கிற சமயம். மூன்றாவது தூணை மூன்று சுற்று சுற்றினாள். கல் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் எது மூன்றாவதோ அதையும் சுற்றினாள். அங்கேயும் இல்லை. மறுநாள் காலையில் மாடி வகுப்பில் நான் நுழைவதற்குள் எழுந்து நின்றாள்.

"மிஸ், கல் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஆண்டு மலரில் என் கட்டுரை என் பெயருடன் இருக்கிறது. அவளை ஓயவைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், வாயில் வந்த வேலையெல்லாம் சொன்னேன். பழைய ப்ராஜெக்ட்டுகளைத் தேடிப் பிடித்து வருட வாரியாக அடுக்கு. பொதுப்பணி ஆபீசுக்குப் போய்ப் பழைய ஃபைலைக் கேள். ஊரில் வயதானவர்களைக் கேள். யார் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேள். ஒரு மாதத்தில் களைத்துப்போய் மணிக்கூண்டு வாங்கிக்கொண்டு வருவாள் என்று கணக்குப் போட்டேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், ஒரு ப்ராஜெக்ட்டை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று. ஒரு பிள்ளையிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை, அதுவும் தொலைந்து போகட்டும் என்று.

அவள் தொலையவில்லை. நோட்டில் நாலு பத்தி போட்டாள்: என்ன சொல்கிறார்கள், யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும், நம்பலாமா. முடிதிருத்துபவரைக் கேட்டாள். பதினேழு பெண்களைப் பற்றிக் கண்ணீர் வரும்படி பேசினார். எப்படித் தெரியும் என்றால், அவர் பையன் ப்ராஜெக்ட்டில் படித்தது. ஓய்வு பெற்ற தபால்காரரைக் கேட்டாள். ஆண்டு மலரில் படித்தது. பழ வியாபாரி, தன் பாட்டியே அந்தப் பதினேழில் ஒருத்தி என்றார். பாட்டி எந்த ஊர் என்று அவள் கேட்க, அவர் அவசரமாக எடை போடத் திரும்பிக்கொண்டார். மூன்றாம் பத்தியில் யாரைப் பிடித்தாலும், சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது.

பொதுப்பணி ஆபீசில் கிளார்க் இரண்டு நாள் அலையவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அலமாரியை யாரும் கேட்டதில்லையாம். இரண்டு பேருமாகத் தும்மித் தும்மி, கயிறு கட்டிய ஒரு ரெஜிஸ்டரை வெளியே எடுத்தார்கள். தூண் எழுப்ப எண்பத்திரண்டு ஆள், எல்லாரும் ஆண்கள், பெயரும் கைநாட்டுமாக வரிசையாக இருந்தது. அப்படியானால் பெண்கள் இல்லை என்றுதானே அர்த்தம் என்றேன் நான். அவள் என்னைத் திருத்தினாள். இந்த ரெஜிஸ்டரில் இல்லை என்றுதான் அர்த்தமாம். என்னிடம் படித்த பெண்தான். இதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

பழைய ப்ராஜெக்ட்டுகள் இருபத்தொன்று கிடைத்தன. பரணிலிருந்து, பீரோவுக்கு மேலிருந்து, ஒன்று அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்த இடத்திலிருந்து. அவற்றை வருட வாரியாக என் வகுப்புத் தரையில் பரப்பினாள். முதல் நாலில் பதினேழு பெண்கள் இல்லை. ஐந்தாவதிலிருந்து கடைசி வரை இருந்தார்கள். எல்லாவற்றின் பின்னட்டையிலும் ஒரே கடை முத்திரை. அவள் ஐந்தாவதின் மேல் விரலை வைத்து, அந்த வருடம் என்ன நடந்தது மிஸ் என்று கேட்டாள். அந்த வருடம்தான் எண்பதை நான் நூறாக்கிய வருடம். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் சாலையைக் கடந்தாள். அக்கா, ஏதோ புத்தகத்தில் பார்த்தேன் என்றார். எந்தப் புத்தகம்? பழைய புத்தகம். எங்கே இருக்கிறது? யாரோ ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தது. யார்? மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது, அப்புறம் வா. மென்று முழுங்கியதை எல்லாம் அந்தப் பெண் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அக்கா என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் பிரிண்ட் எதுவும் இல்லாமல் அவர் சாலையைக் கடந்து நான் பார்த்ததே இல்லை. வரி பத்தாமல் நானே எழுதினேன் டீச்சர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எழுதியதைச் சொன்னாரே தவிர, ஏன் அதை எழுதினார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு அப்போது என் கட்டுரைதான் கவலை.

"விட்டுடுங்க அக்கா," என்றேன். "சின்னப் பொண்ணு. ரெண்டு நாள்ல மறந்துடுவா."

மறக்க மாட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இருந்தும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் தலைமை ஆசிரியர் அவளுடைய சார்ட்டைப் பார்த்துவிட்டார். பதினேழு பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பெரிய எழுத்தில் தலைப்பு. இருபத்தொரு ப்ராஜெக்ட்டின் பக்கங்கள், ரெஜிஸ்டரின் நகல், நாலு பத்தி அட்டவணை. நட்ட நடுவில் ஒரு கட்டம்: முதலில் சொன்னவர். அது காலியாக இருந்தது. தலைமை ஆசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம். பலகை தயாராகிவிட்டது, இஞ்சினியரே கண்காட்சியைத் திறக்க வருகிறார், இது என்ன வேலை? முதலில் சொன்ன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, இல்லாவிட்டால் சார்ட்டைக் கழற்று என்று சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று மாத உழைப்பு. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் தலைப்புகளைப் பிரிண்ட் எடுக்கப் போனவள், இதுவே கடைசி பிரிண்ட், சார்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள் என்று அக்காவிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். குற்றம் சாட்டும் குரலே இல்லையாம். அதுதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

கண்காட்சி அன்று கூடத்தில் தெர்மகோல் பாலங்கள் மட்டும் ஆறு. ஆறிலும் மூன்றாவது தூணுக்கு அடியில் ஒரு கூழாங்கல் ஒட்டியிருந்தது. ஒன்றில் விளக்கும் எரிந்தது. கண்டக்டர் மகள் சார்ட்டைக் கழற்றவில்லை. தண்ணீர்க் குழாய் பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில் மாட்டிவிட்டு அதற்கு முன்னால் நின்றாள். ஆனால் இஞ்சினியருக்குத் தாகம் எடுத்தது. தலைமை ஆசிரியர் தடுப்பதற்குள் அவர் அந்த மூலைக்குப் போய், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தலைப்பைப் படித்துவிட்டார். யாரம்மா இதை எழுதச் சொன்னது என்று கேட்டார். கூடத்தில் பெற்றோர், தெருக்காரர்கள், டெய்லர், எல்லாரும் திரும்பினார்கள். தலைமை ஆசிரியர் சார்ட்டில் கை வைத்தார்.

அப்போது அக்கா உள்ளே வந்தார். விரல் நுனியெல்லாம் மிஷின் மை.

"அத எழுதினது நான்தான் சார்."

டைப் செய்தது நீங்கள்தான் என்று தெரியுமே என்றார் தலைமை ஆசிரியர்.

"டைப் இல்ல சார். நானா எழுதினது. பொய். வரி பத்தல."

நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய கலவரம். நடந்தது வேறு. யாரும் நம்பவில்லை. இஞ்சினியர் சிரித்துவிட்டு, தன்னடக்கம் இருக்க வேண்டியதுதான், அதற்காக இப்படியா என்றார். ஒரு அப்பா முன்னால் வந்து, அந்தக் கல்லைத் தன் சின்ன வயதில் கண்ணால் பார்த்ததாகவும், பாசி பிடித்திருந்ததாகவும் சொன்னார். இன்னொருவருக்கு அதன் நீள அகலம்கூட ஞாபகம் இருந்தது. பொய்க்கு இத்தனை சாட்சி, உண்மைக்கு அக்கா ஒருத்தர்தான். தான் பொய் சொன்னதை நிரூபிக்க வேண்டிய நிலைமை ஒரு மனுஷிக்கு வரக் கூடாது. அந்தக் கூடத்தில் அதற்கு இன்னொரு சாட்சி உண்டு. நூறு வரி கேட்ட சாட்சி. அது தூணோரம் வாயை மூடிக்கொண்டு நின்றது.

இஞ்சினியர் கேட்டார், "பொய்னா பத்துன்னு வரும், இருபதுன்னு வரும். பதினேழுன்னு எப்படிம்மா வரும்?"

நல்ல கேள்வி. கண்டக்டர் மகள்கூட நோட்டைத் திறந்துவிட்டாள். அக்கா வாசல் பக்கம் திரும்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கடையைப் பார்த்தார். பிறகு டெய்லரைப் பார்த்தார். அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"எங்கம்மா காண்ட்ராக்டர் இல்ல சார். காண்ட்ராக்ட்ல சித்தாளா இருந்தாங்க. தலையில சும்மாடு வச்சுக் கல்லு சுமந்தாங்க. பதினேழுங்கறது நான் சின்ன வயசுல அவங்க வாயால கேட்டது. அதத்தான் எழுதினேன். பாலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பொய்யை ஒப்புக்கொண்டது அவருக்குப் பெரிய விஷயமில்லை. இத்தனை வருடம் தெரு முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்த மரியாதையை அவரே கையால் எடுத்துக் கீழே வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காக இல்லை.

நூறு வரி கேட்டது நான், படிக்காமல் எண்ணியது நான், மலரில் எழுதியதும் நான்தான் என்று அப்போதுதான் என் வாய் திறந்தது. தலைமை ஆசிரியர் சார்ட்டிலிருந்து கையை எடுத்தார். இஞ்சினியர் மீதித் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, பலகையில் அந்த இரண்டு வரி வேண்டாம் என்று தன் உதவியாளரிடம் சொன்னார். கண்டக்டர் மகள் காலிக் கட்டத்தில் ஜெராக்ஸ் அக்கா என்று எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"அவங்க கல்லு சுமந்தது எந்தக் கட்டடம் அக்கா?"

அக்காவுக்குத் தெரியவில்லை.

"கேட்டதே இல்லையா?"

"இல்ல."

அவள் நோட்டை மூடினாள். தலைமை ஆசிரியரும் இஞ்சினியரும் நின்றுகொண்டிருக்க, கூடத்தை விட்டு வெளியே நடந்தாள். அக்கா பின்னாலேயே ஓடினார். நான் அக்காவுக்குப் பின்னால்.

பைண்டிங் அம்மா மேஜையில் ஒன்பதாம் வகுப்பு ரெக்கார்டுகளுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூடத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சித்தாள் என்ற வார்த்தை வந்தபோது அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அக்கா மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு என்றார் அம்மா மகளிடம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எழுத்து தெரியாது. பதினெட்டு வருடமாக நூற்றுக்கணக்கான பாலத்துக்கு அவர் கையால்தான் கம்பி போட்டது. உள்ளே தான் இருப்பது தெரியாமலே போட்டிருக்கிறார். அக்கா அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, தலையைக் குனிந்துகொண்டு.

அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பதினேழு பேரா? நாங்க ஆறு பேருதான். பதினேழு, சாரத்துல ஏற வேண்டிய படி. ஏறும்போது எண்ணிக்கிட்டே ஏறுவேன், இல்லன்னா தல சுத்தும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் வாய் எண்ணிக்கிட்டே இருக்கும். இவ பக்கத்துல படுத்திருப்பா."

கல்லும் இல்லையாம், கலவையாம். ஈரக் கலவை கல்லைவிடக் கனம் என்று திருத்தினார். எந்தக் கட்டடம் என்று அந்தப் பெண் அம்மாவிடமும் கேட்டாள். அம்மா கையிலிருந்த கம்பியாலேயே சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

"அந்த மாடி."

என் வகுப்பு அங்கேதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அந்தத் தரையில் நின்று, வரலாறு என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அதே இருபத்திரண்டு வருடம் இந்த அம்மா கையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டும் போயிருக்கிறேன். ஒரு நாள்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

கண்டக்டர் மகள் நாலு பத்தியை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஆறு பேர் கலவை சுமந்தார்கள். சொன்னவர், பைண்டிங் அம்மா. எப்படித் தெரியும், சுமந்தவர். நம்பலாமா என்ற பத்திக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள். நான் கண்ணால் சைகை காட்டியும் எழுதவில்லை.

"ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாத்துட்டு எழுதறேம்மா."

"பாரு," என்றார் அம்மா. "பாக்காம எழுதாத."

அதைச் சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். அக்கா இன்னும் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன செய்தவர் என்று தெருவில் சொல்லவும் அவருக்குக் கூசியிருக்கிறது, யாருக்கும் தெரியாமல் போகவும் மனம் பொறுக்கவில்லை. நடுவில் அகப்பட்டது எங்கள் பாலம்.

"அத ஏண்டி கொண்டு போயி பாலத்துல வச்ச?"

அக்கா துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"பாலத்ததானேம்மா எல்லாரும் பாக்கறாங்க."